சிவப்பு அட்டை கட்டிய ஆர்க்கிட்

1

நான் இந்தியாவில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் நிறைந்த அன்று மாலை, செத்த செடி ஒன்றைத் திருடியதாகப் பிடிபட்டேன்.

மலேசியாவில், கிள்ளானில் பசியாறிக்கொண்டே இதைப் படிக்கும் உங்களில் சிலர் சிரிப்பீர்கள். என் அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று காலையில்தான் அவர் போனில் கேட்டிருந்தார்: “ஒன்பது வருஷம் ஆச்சு கோமளா. அங்க என்னத்தைக் கண்டேன்னு இன்னும் உட்கார்ந்திருக்கே? திரும்பி வந்துடு.” கேள்வியில் பாசம் இருந்தது. தோற்றுப்போனதை ஒத்துக்கொள் என்பதும் இருந்தது. அந்த எரிச்சலோடுதான் அன்று வேலைக்குப் போனேன்.

வேலை சென்னைக்கு வெளியே ஒரகடத்தில். கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு கொரியக் கம்பெனியின் வரவேற்பு மேசை. மாலையில் கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் பெண்கள் எல்லோரும் வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். அன்று என் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆர்க்கிட் செடி இருந்தது. நான்கு இலை, மொட்டைத் தண்டு, கொத்தாகச் சாம்பல் நிற வேர்.

வாசலில் பையைச் சோதிப்பவள் தேவகி. மணிமங்கலத்துக்காரி. என் கணவர் ஊரும் அதுதான். ஆனால் காவல் உடுப்புக்குள் வந்துவிட்டால் ஊர், உறவு எதுவும் அவளிடம் செல்லாது.

“இன்னா மேடம் இது?”

“செடி.”

“அது தெரியுது. கேட் பாஸ் எங்க?”

“குப்பைத் தொட்டியில கிடந்துச்சு தேவகி. எடுத்தேன்.”

“குப்பையா இருந்தாலும் கம்பெனி குப்பை. பாஸ் இல்லாம ஒரு போல்ட்டு கூட வெளிய போவாது. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். பாஸ் எழுதும் தாள் கட்டே என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. குப்பைக்குப் பாஸ் எழுத எனக்குத் தோன்றவில்லை. தேவகி தன் பதிவேட்டில் என் பெயரையும் நேரத்தையும் எழுதினாள், செடியை வாங்கி வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன் வேலையைத்தான் செய்தாள் என்பது இன்று புரிகிறது. அன்று அவள் மேல் வந்த கோபத்தில் பஸ்ஸில் வீடு வரை நின்றுகொண்டே போனேன்.

2

அந்தச் செடி குப்பைக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கொரியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஏதாவது திறந்தாலும், ஒருவருக்குப் பதவி உயர்ந்தாலும், வாழ்த்துச் சொல்ல ஆர்க்கிட் தொட்டி அனுப்புவார்கள். வழவழப்பான பீங்கான் தொட்டி, குறுக்கே அகலமான ரிப்பன், அதில் அனுப்பியவர் பெயர். ஜூலையில் எங்கள் கம்பெனியில் புது லைன் திறந்தபோது பெங்களூரிலிருந்து தொட்டிகள் வேனில் வந்து இறங்கின. என் மேசையைச் சுற்றி நடக்க இடமில்லை.

பூ இரண்டு, மூன்று மாதம் நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக உதிரும். கடைசிப் பூ விழுந்ததும் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் பீங்கானைக் கழுவி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு, செடியைப் பிடுங்கி, ‘மக்கும் குப்பை’ என்று எழுதிய பச்சைத் தொட்டியில் கேண்டீன் மிச்சத்தோடு போட்டுவிடுவார்கள். பூ போனால் செடியும் போனது என்று நினைப்பு. ஐந்து ஆண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல்தான் போனேன்.

திருமணத்துக்கு முன் நான் கிள்ளானில் தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் ஒரு சீன முதலாளியின் பூக்கடையில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவள். சீனப் பெருநாள் முடிந்து, பூ உதிர்ந்த தொட்டிகளைப் பலரும் எங்கள் கடை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். தவுக்கே ஒன்றையும் எறிய விடமாட்டார். பின்சந்தில் வரிசையாக அடுக்கி வைப்போம். அடுத்த பெருநாளுக்கு அதே செடிகளைப் பூவோடு முன்வாசலுக்குக் கொண்டு வருவோம். பூவில்லாத ஆர்க்கிட் ஓய்வில் இருக்கிறது, சாகவில்லை. அந்தச் சந்தில் நான் கற்றதில் பாதி இதுதான். மீதிப் பாதி, தண்ணீர் ஊற்றாமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பது.

அன்று மதியம் பச்சைத் தொட்டியில் சாம்பார் சோற்றின் மேல் அந்தச் செடி கிடந்தது. வேரை விரலால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. உயிருள்ளதைக் குப்பை என்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. அக்காவின் போனுக்கும் அதில் பங்கு இருக்கலாம். எடுத்துக் கழுவிப் பையில் வைத்தேன்.

3

மறுநாள் மனிதவள மேலாளர் பிரபாகர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். தாளில் இருப்பதைத் தாண்டி யோசிக்க மாட்டார், அவ்வளவுதான். ஒரு கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். கம்பெனிப் பொருளைத் திருட முயன்றேன், மன்னிக்கவும் என்று அச்சடித்திருந்தது. பெயருக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

“சைன் பண்ணிடுங்க மேடம். மேட்டர் க்ளோஸ்.”

“பாஸ் வாங்காதது தப்புதான் சார். அதை எழுதித் தரேன். திருடினேன்னு எழுத மாட்டேன்.”

“ஃபார்மட் இது ஒண்ணுதான் மேடம் இருக்கு.”

“அப்ப இன்னொண்ணு அடிங்க.”

பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீங்க ஃபாரின் சிட்டிசன். எங்கயாவது கம்ப்ளெயின்ட்னு போனா உங்க கார்டுக்கே பிரச்சினை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அந்த அட்டையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தியரை மணந்தவள் இங்கே தங்கி வேலை பார்க்க உதவும் அட்டை அது. அதைக் கையில் வாங்க மூன்று வருடம் நடந்தேன். நம் மலேசிய அடையாள அட்டையில் மகள் என்பதற்கு மலாயில் ‘ஏ/பி’ என்று போடுவார்கள் இல்லையா, கோமளா ஏ/பி முனுசாமி. இங்கே ஓர் எழுத்தர் அதை ஆந்திரப் பிரதேசம் என்று எடுத்துக்கொண்டு, பிறந்த மாநிலம் ஆந்திரா என்று அடித்துவிட்டார். அதைத் திருத்தப் போனால் அப்பா பெயரில் ஓர் எழுத்து போனது. அதைத் திருத்தியதும் என் பிறந்த ஆண்டு மாறியது. சமையல் கேஸ் இணைப்பில் நான் ஆண். என் படம் ஒட்டிய தாள்களில் ஒன்றுகூட முழுக்க நானாக இல்லை. இதில் ‘திருடி’ என்று நானே கையெழுத்துப் போட்டு இன்னொரு தாளைச் சேர்க்க வேண்டுமாம்.

மாட்டேன் என்று எழுந்தேன்.

விசாரணை என்றார்கள். முடியும் வரை வரவேற்பு மேசை எனக்கில்லை, ஸ்டோரின் பின்னறையில் பழைய கோப்புகளை எண்ணிட்டு அடுக்க வேண்டும். முடிவு எனக்கு எதிராகப் போனால் வேலை போகும், திருடி என்ற பெயரோடு. இந்த வட்டாரத்தில் ஒரு கேட்டில் கெட்ட பெயர் எடுத்தால் பக்கத்துக் கேட்டில் வேலை கேட்க முடியாது.

வீட்டில் என் மகள் யாழினி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள். “சாரின்னு ஒரு சைன் போட்டா முடிஞ்சிது. இன்னாத்துக்கும்மா ரூல்ஸ் பேசிகினு கீற? உங்க ஊரா இது?”

உங்க ஊர். கிள்ளானில் பிறந்தவள் சொல்கிறாள். ஐந்து வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கியவள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. ‘பசியாறிட்டியா’ என்று கிள்ளான் பேச்சில் கேட்டால் தோழிகள் முன்னால் பல்லைக் கடிக்கிறாள். அவள் இந்த ஊர்ப் பிள்ளையாக வளர்ந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அதற்காகத்தானே வந்தோம். ஆனால் அந்த ‘உங்க’ சோற்றில் கல் மாதிரி கடிபட்டது.

கணவர் ஆறுதல் சொல்ல முயன்றார். கிள்ளானுக்குப் பக்கத்து ஷா ஆலமில் மெஷின் பொருத்த வந்து ஏழு வருடம் தங்கி என்னைக் கட்டிக்கொண்டவர். “நீயும் அந்தச் செடி மாதிரிதான். எங்கயோ பொறந்து, எங்கயோ...”

நிறுத்துங்கள் என்றேன். செடி செடிதான். என்னை யாரும் ரிப்பன் கட்டி அனுப்பி வைக்கவில்லை. என் காலால் நடந்து விமானம் ஏறி வந்தவள் நான்.

4

இனி செடிக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்கும் விசாரணைதான்.

எங்கள் கம்பெனியில் ஒரு பொருள் நல்லதா கெட்டதா, யாருடையது என்று முடிவாகவில்லை என்றால் அதில் ஒரு சிவப்பு அட்டை கட்டிவிடுவார்கள். முடிவு எழுதிக் கையெழுத்தாகும் வரை அதை யாரும் நகர்த்தக் கூடாது. ஆர்க்கிட்டுக்கும் சிவப்பு அட்டை கட்டினார்கள். வாசலில் கேமரா ரெக்கார்டர் இருக்கும் சின்ன அறையில் வைத்தார்கள். சாட்சிப் பொருள் என்பதால் நான் தொடக் கூடாது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தேவகிக்கு.

தேவகியின் வீட்டார் நெல் போட்டவர்கள். தண்ணீர் விடாமல் ஒரு செடியை வைத்திருப்பது அவளுக்குப் பாவம். பீங்கான் குவளை ஒன்றில் மண்ணைப் போட்டு நட்டு, காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று நடு இலையின் குருத்திலேயே ஊற்றினாள். ஒரே வாரத்தில் அடி இலை மஞ்சளானது. அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அன்று மாலை பையைத் திறந்து காட்டும்போது சொன்னேன். “தேவகி, அதைக் கொன்னுடாதே.”

“நானா? பட்டினி போட்ட மாதிரி சொல்றீங்க.”

“பட்டினியே போடு. பொழைச்சிடும்.”

முறைத்தாள். ஆனால் பையின் ஓரத்தை விடவில்லை. “இன்னா பண்ணணும், சொல்லுங்க. லைன் நிக்குது.”

அன்று தொடங்கியது. ஒரு பையைச் சோதிக்க அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குள் தினம் ஒன்று சொல்வேன். கிள்ளானில் ஆர்க்கிட்டை வேலியில் கட்டிவிட்டு மறந்துவிடும் உங்களுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. அடுக்குமாடியில், அலுவலகத்தில் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மண் கூடாது. இதன் வேருக்குக் காற்று வேண்டும். கேண்டீனில் உரித்துப் போட்ட தேங்காய் மட்டையை விரற்கடை அளவுக்கு நறுக்கி, மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுக்கச் சொன்னேன். இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிய கரித்துண்டைக் கலந்தாள். குவளைக்குப் பதில் தண்ணீர் பாட்டில் ஒன்றை அறுத்து, சூடு காட்டிய ஸ்க்ரூடிரைவரால் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டாள். பாட்டில் ஏன் என்றால், உள்ளே வேர் தெரியும். வேர் பச்சையாக இருந்தால் தண்ணீர் போதும் என்று அர்த்தம். வெள்ளியாக வெளுத்தால் பாட்டிலோடு தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து, எடுத்து, முழுக்க வடியவிட வேண்டும். வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் அதுகூட வேண்டாம். குருத்தில் ஒரு சொட்டு தேங்கினாலும் துணி முனையால் ஒற்றி எடு. அழுகிய வேர் கையில் கொழகொழவென்று வரும், அதை வெட்டு. வெளியே நீட்டும் வேரை உள்ளே திணிக்காதே. பட்டுப்போன பழைய தண்டை அடியோடு நறுக்கு. வெயில் நேராகப் படக் கூடாது, ஆனால் வெளிச்சம் வேண்டும். அந்த அறையின் கிழக்கு ஜன்னலில் வெளிச்சம் ஊடுருவும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று.

தண்ணீர்தான் தகராறு. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போகிறது, எங்களுக்கு போர்வெல். பக்கெட் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கும். அந்தத் தண்ணீர் ஆர்க்கிட் வேரைத் தின்றுவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வை என்றேன். அதற்குத் தேவகிதான் வழி கண்டாள்.

“ரூம் ஏசியிலேர்ந்து சொட்டுது பாருங்க, அந்தத் தண்ணில உப்பு இருக்காதுல்ல? பக்கெட் வெச்சிக்கீறேன்.”

தவுக்கேக்குக்கூடத் தோன்றாத யோசனை. அன்றுதான் முதல் முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் பையை மூடி, “நெக்ஸ்ட்” என்றாள்.

அந்த ஏசி இன்னொரு நன்மையும் செய்தது. இந்த வகை ஆர்க்கிட் மறுபடி பூக்க வேண்டுமானால் சில வாரமாவது குளிர் படவேண்டும். ரெக்கார்டர் சூடாகக் கூடாது என்று அந்த அறையை எப்போதும் குளிராகவே வைத்திருப்பார்கள். டிசம்பர் நடுவில் ஒருநாள் என் பையைத் திறந்தவள் உள்ளே பார்க்கவே இல்லை.

“கா,” என்றாள். அதுவரை மேடம், அன்றிலிருந்து அக்கா. “ஒரு வேர் மட்டும் மேல பார்த்து போவுது. கோணிகினு கீது.”

“நுனி எப்படி இருக்கு? உருண்டையாவா?”

“இல்ல. சப்பையா, மூக்கு வெச்சா மாதிரி.”

அது வேரில்லை, பூத்தண்டு. பின்னால் நின்றவர்கள் சத்தம் போடும் வரை நான் அங்கேயே நின்றேன். ஸ்டோர் பின்னறையில் இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை பஸ்ஸில் வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மொட்டு வந்தபிறகு தொட்டியைத் திருப்பாதே என்றேன். சிவப்பு அட்டை கட்டின பொருளை நகர்த்த எனக்கே அதிகாரம் இல்லை என்றாள் தேவகி.

5

பிப்ரவரி கடைசியில் விசாரணை. மீட்டிங் அறையில் பிரபாகர், இரண்டு மேலாளர்கள், நான். மேசை நடுவில் ஆர்க்கிட். அறுத்த பாட்டில், சிவப்பு அட்டை, மேலே ஒன்பது வெள்ளைப் பூ, இரண்டு மொட்டு. பூக்களுக்கும் என் ஒன்பது வருடத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மொட்டு விரிந்தால் பதினொன்று. ஆனால் அறைக்குள் வந்த ஒவ்வொருவரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.

கம்பெனி தரப்புச் சாட்சி தேவகி. பதிவேடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் பொய் சொல்ல மாட்டாள், அதுதான் பயம்.

“பாஸ் இல்லாம கம்பெனிப் பொருளை எடுத்துட்டுப் போனாங்களா?” என்றார் பிரபாகர்.

“பாஸ் இல்லாம எடுத்துகினு போனாங்க. அது உண்மை சார். அதுக்கு மெமோ குடுங்க.” இன்னொரு பதிவேட்டைத் திறந்தாள். “ஆனா கம்பெனிப் பொருளான்னு இதுல பாருங்க. குப்பை வண்டி வெளிய போறப்ப நான்தான் எழுதறேன். பூச்செடி எல்லாம் மக்கும் குப்பைல போயிருக்கு. போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம், எல்லாம் என் கையெழுத்து. மக்கும் குப்பை பன்னிப் பண்ணைக்குப் போவுது. நாம ஒரு நாளும் அத்த நம்முதுன்னு கேட்டதில்ல. பன்னி தின்னா தப்பில்ல, இவங்க எடுத்தா திருட்டா சார்?”

ஒரு மேலாளர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பிரபாகர் சிவப்பு அட்டையைத் தன் பக்கம் இழுத்து, முடிவு என்ற இடத்தில் எழுதினார்: மக்கும் குப்பை. வெளியேற்றலாம். எனக்கு ஒரு மெமோ, பாஸ் வாங்காததற்காக. அதில் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டேன். திருட்டு என்று அச்சடித்த கடிதத்தை அவர் முன்னாலேயே வாங்கி நான்காகக் கிழித்தேன். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வரவேற்பு மேசை என்றார்கள்.

எழுந்துகொள்ளும்போது பிரபாகர் செடியைக் காட்டினார். “மேடம், திங்கட்கிழமை கொரியாவிலேர்ந்து கெஸ்ட் வராங்க. இத அப்படியே உங்க டேபிள்ல வெச்சிடுங்க. நல்ல பீங்கான் தொட்டில மாத்திட்டு.”

நான் அட்டையை அவர் பக்கம் திருப்பினேன். “மக்கும் குப்பையைக் கெஸ்ட் முன்னால வைக்கலாமா சார்?”

ஒரு மேலாளர் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். பிரபாகர் என்னையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கு ஒரு கேட் பாஸ் போடுங்க,” என்றேன்.

6

அக்கா இதைப் படிப்பார் என்று தெரியும். அக்கா, என்னத்தைக் கண்டேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

அன்று மாலை ஆர்க்கிட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசல் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள், நான் முந்தவில்லை. விசாரணையில் எனக்காகப் பேசிய தேவகி, வாசலில் பழையபடி உடுப்போடு நின்றாள்.

“பாஸ்.”

நீட்டினேன். படித்தாள். பொருள்: மக்கும் குப்பை. எண்ணிக்கை: ஒன்று. கீழே பிரபாகரின் கையெழுத்து, முத்திரை. தாளைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

“இது செல்லாது கா.”

“சார் சைன் போட்டிருக்காரு தேவகி.”

“போடட்டும். பாஸ்ல ஒண்ணு, கையில ஒண்ணு இருந்தா நான் வெளிய வுட மாட்டேன். குப்பைன்னு போட்டுக்கீது. குப்பை எங்க?”

போனை எடுத்து மேலே கூப்பிட்டாள். இரண்டு வார்த்தைதான் பேசினாள். எதிர்ப்பக்கம் என்ன பதில் வந்ததோ, “சரி சார், திருத்தி எழுதிக்கிறேன்” என்று வைத்தாள். பேனாவை எடுத்து ‘மக்கும் குப்பை’யை ஒரே கோடாக அடித்தாள். மேலே குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்: பூச்செடி. உயிரோட கீது. பக்கத்தில் எடுத்துச் செல்பவர் பெயர் என்ற இடத்தில், என்னிடம் கேட்காமலே, கோமளா, முனுசாமி மகள் என்று எழுதினாள். அப்பா பெயரில் ஓர் எழுத்தும் குறையவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டு, பாஸின் கார்பன் நகலைக் கிழித்து என்னிடம் தந்து, என் பையை வாங்கி, வழக்கம்போல முழுக்கச் சோதித்து, “போங்க” என்றாள்.

இந்த நாட்டில் என்னைப் பற்றி எழுதிய தாள்களில் பிழையில்லாத முதல் தாள் அது. மறுநாள் யாழினி அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக்கொண்டு வந்து, ஆர்க்கிட் இருக்கும் ஜன்னலுக்கு மேல் ஆணி அடித்து மாட்டினாள். திரும்பி வரச் சொல்லி இனி போன் பண்ணாதீர்கள் அக்கா. பூ பார்க்க வேண்டுமானால் நீங்கள் வாருங்கள்.